வீட்டுக்காரர் நோட்டு: 'வீடு', 'டு லெட்', கொஞ்சம் ஸ்ரீரங்கம்

செழியனின் 'டு லெட்' 2019 பிப்ரவரி 21 அன்று தியேட்டருக்கு வந்தது. மறுநாள், பிப்ரவரி 22, தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் அமலுக்கு வந்தது. 1960-லிருந்து இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு முடிந்தது. யாரும் திட்டமிட்டதில்லை, தற்செயல்தான். ஆனால் ஒரே வாரத்தில் ஒரே விஷயத்தைப் பேச வந்த ஒரு படமும் ஒரு சட்டமும் ஒரே இடத்தில் வாயை மூடிக்கொண்டன என்பது என் எண்ணம். அந்த இடம் வீட்டுக்காரரின் வரவு செலவு.

வீட்டுக்காரர் என்று நான் சொல்வது பத்து ஃபிளாட் வைத்திருப்பவரை இல்லை. கீழே தான் இருந்துகொண்டு மாடியை விடுபவர், அப்பா கட்டின வீட்டை இரண்டு போர்ஷனாக விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர், வாடகையில் மருந்து மாத்திரை வாங்கும் விதவை அத்தை, இந்த ஜாதி. திருச்சியில், குறிப்பாக ஸ்ரீரங்கத்தில், 'டு லெட்' பலகை மாட்டுகிறவர்களில் நான் பார்த்த வரைக்கும் பெரும்பாலும் இவர்கள்தான்.

'டு லெட்'டுக்கு முன்னால் 'வீடு' பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாலு மகேந்திராவின் 'வீடு' 1988-ல் வந்தது. சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது, அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருது. இரண்டு படத்துக்கும் தொடக்கம் ஒன்றுதான்: வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்கிறார். 'வீடு' படத்தில் சுதா வேறு வாடகை வீடு தேடி அலுத்துப்போய், ஆபீஸ் நண்பர் சொன்ன யோசனையில் சொந்தமாகக் கட்ட இறங்குகிறாள். தாத்தாவுக்கு வளசரவாக்கத்தில் இரண்டு மனை. ஒன்றை விற்று இன்னொன்றில் கட்டுவது. மீதிக்குக் கடன். அதற்கப்புறம் காண்ட்ராக்டர் சிமென்ட்டை வெளியே தள்ளுவதிலிருந்து, மனையே அரசாங்கம் கையகப்படுத்தினது என்று கடைசியில் தெரிவது வரை, ஒவ்வொரு ரூபாயும் எங்கே போகிறது என்று படம் பார்க்கிறவனுக்குத் தெரியும். இவ்வளவு கறாராகக் காசுக் கணக்கு காட்டிய தமிழ்ப் படம் வேறு எனக்கு ஞாபகம் வரவில்லை. ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் வகுப்பில் போட்டுக் காட்டலாம்.

'டு லெட்' இன்னொரு கோடியிலிருந்து கணக்குப் போடுகிறது. 2007 சென்னை. ஐ.டி. வேலை பெருகி வாடகை எகிறுகிற காலம். சினிமாவில் உதவி இயக்குநராக இருக்கும் இளங்கோ, மனைவி அமுதா, சின்னப் பையன். ஒரு மாதத்தில் வேறு வீடு பார்க்க வேண்டும். கேட்கிற இடமெல்லாம் என்ன வேலை, என்ன ஜாதி, என்ன சாப்பாடு. பாட்டு இல்லை, பின்னணி இசை இல்லை. அந்த வீட்டு ஓனர் அம்மாவின் குரலே போதுமான பின்னணி இசை. செழியனே ஒளிப்பதிவும் செய்திருப்பதால், அந்தச் சின்ன வீட்டின் அளவு நம் உடம்பிலேயே பதிந்துவிடுகிறது. வாடகை வீட்டில் வளர்ந்த யாருக்கும் இந்தப் படம் பொய் என்று தோன்றாது.

அந்தப் படத்தில் முகம் காட்டாத ஒரு வில்லன் உண்டு. சம்பளம் அதிகம் வாங்கும் ஐ.டி. பையன். 2007-ல் நான் சென்னையில் அதுதான். வேளச்சேரியில் மூன்று பேர் சேர்ந்து ஒரு டூ பெட்ரூம் வீடு எடுத்திருந்தோம். மூன்று சம்பளம், ஒரு வாடகை. ஒரு குடும்பம் ஒற்றைச் சம்பளத்தில் கொடுக்கக்கூடியதைப் போல இரண்டு மடங்கை நாங்கள் யோசிக்காமல் கொடுக்க முடிந்தது, தலைக்கு வகுத்தால் அது சின்னத் தொகை. படம் 'ஐ.டி. சம்பளம்' என்று சொல்வதன் உள்ளே இந்த வகுத்தல் இருக்கிறது. உண்மையில் சம்பளத்தைவிட இந்த வகுத்தல்தான் குடும்பங்களைத் தெருவுக்குத் தள்ளியது என்று நினைக்கிறேன். படம் இதற்குள் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன்.

போயிருக்க வேண்டிய இடம் வேறு. அந்த ஓனர் அம்மா யார்? அவருக்கு அந்த வீடு எப்படி வந்தது? எவ்வளவு கடன், எவ்வளவு வரி, கடைசியாக எப்போது மேல்தளத்துக்கு வேலை பார்த்தார்? ஒன்றும் தெரியாது. கோபக்காரி, பணத்தாசைக்காரி, அவ்வளவுதான். 'வீடு' படத்தில் சுதாவுக்கு நிலம் தப்பித்து வீடும் முடிந்திருந்தால், கடனை அடைக்க ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டிருப்பாள். 2007-ல் அவளுக்கு நாற்பது தாண்டியிருக்கும். வளசரவாக்கமும் ஐ.டி. வாடகைக்கு ஏறியிருக்கும். அந்த ஓனர் அம்மா சுதாவாகவே இருக்கலாம். இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் இருக்கும் பத்தொன்பது வருஷத்தைத் தமிழ் சினிமா எடுக்கவே இல்லை.

நோட்டைத் திறந்து காட்டினால் ஓனர் மேல் பரிதாபம் வரும் என்று நான் வாதாட வரவில்லை. சில பக்கங்களில் கோபம் இன்னும் கூடும். ஆனால் அந்தக் கோபம் சரியான இடத்தில் விழும்.

எனக்குக் கிடைத்த நோட்டு எங்கள் வீட்டுடையது. ஸ்ரீரங்கத்தில் அப்பா கட்டின வீடு, இப்போது அம்மா பேரில். கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன், இரண்டும் வாடகைக்கு. அப்பாவுக்கு எல்லாவற்றையும் எழுதி வைக்கும் பழக்கம். நீள சைஸ் நோட்டில் "மோட்டார் காயில் 1,850", "கொல்லைக் குழாய் வாஷர் 20" என்று. அவருக்கப்புறம் அம்மா எழுதினார், கொஞ்ச நாளாக நான் எக்செல்லில். கல்வெட்டுப் பாடங்களைப் படித்துக்கொண்டிருக்கும் எனக்கு இது புதுசு இல்லை. கோயில் சுவரில் இருப்பதும் பெரும்பாலும் கணக்குதான்: யார் எவ்வளவு கொடுத்தார், அதிலிருந்து எதற்கு எவ்வளவு போக வேண்டும்.

2014 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை பத்து வருஷத்தை எடுத்துக் கூட்டினேன். ஆரம்பத்தில் இரண்டு போர்ஷனும் சேர்த்து மாதம் 13,500, கடைசியில் 20,000. ஒரு நாள்கூடக் காலியாக இல்லாமல் இருந்திருந்தால் வந்திருக்க வேண்டியது 19,80,000. வந்தது 18,40,000. இடையில் எட்டு தடவை ஆள் மாறினார்கள், மொத்தம் பதினேழு மாதம் ஏதோ ஒரு போர்ஷன் பூட்டிக் கிடந்தது.

செலவு: மேல்தளத்தில் பழைய தளவோட்டைப் பெயர்த்துப் புதிதாகப் பதித்தது 2,40,000. சில்லறை ரிப்பேர்கள் 1,60,000. ஆள் மாறும்போதெல்லாம் பெயின்ட், மொத்தம் 1,40,000. வயரிங் மாற்றியது 1,10,000. மோட்டாரும் போரும் 90,000. சொத்துவரி, தண்ணீர், பாதாளச் சாக்கடைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 75,000. சாக்கடைக் குழாய் 45,000. தரகர்களுக்கு 40,000. கூட்டினால் 9,00,000.

மிச்சம் 9,40,000. நூற்றிருபது மாதத்துக்கு வகுத்தால் 7,800 சொச்சம்.

இந்த எண் வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை. "மாசா மாசம் வந்துட்டுதானேடா இருக்கு?" என்றார். அதுதான் விஷயம். வாடகை மாதா மாதம் பால் மாதிரி வருகிறது. செலவு கல்யாணம் மாதிரி வருகிறது. மேல்தளம் வேலை பார்த்த வருஷம், அந்த ஒரு வேலைக்கே ஒரு வருஷ வாடகை முழுசும் போய் அதற்கு மேலும் போனது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? நகைக்கடன். அதற்கு முந்தின நாலு வருஷ வாடகை எங்கே போனது? வீட்டுச் செலவில் கரைந்தது. வாடகையைச் சம்பளம் என்று நினைக்கிற வீட்டில் இப்படித்தான் ஆகும். பாதிக்குப் பாதி வீட்டுக்கே திரும்பப் போக வேண்டிய பணம் அது, நம் கையில் கொஞ்ச காலம் தங்கியிருக்கிறது. இப்போது வாடகை வருகிற அன்றே பாதியை வேறு கணக்குக்கு மாற்றிவிடுகிறோம். அம்மாவுக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

"சுவரில் ஆணி அடிக்காதே", "தண்ணியைத் திறந்து விடாதே", "எத்தனை பேர் வந்து தங்குறாங்க?" என்று குடித்தனக்காரர்களை ஓனர்கள் பிடுங்கும் பிடுங்கலுக்குப் பின்னால் இந்தக் கல்யாணச் செலவுப் பயம் இருக்கிறது. அது பயம் என்பது வெளியே தெரிவதில்லை. அதிகாரமாகத்தான் தெரியும். செழியன் அதிகாரத்தைத் துல்லியமாகப் படம் பிடித்திருக்கிறார், பயத்தை விட்டுவிட்டார்.

அடுத்தது வருமான வரி. வாடகை வருமானத்தில், கட்டின சொத்துவரியைக் கழித்த பிறகு 30 சதவீதத்தை ரிப்பேர் முதலான செலவுகளுக்காக அப்படியே தள்ளிவிடுவார்கள். ரசீது வேண்டாம், நீங்கள் ஒரு ரூபாயும் செலவழிக்காவிட்டாலும் 30 உண்டு, நூறில் ஐம்பது செலவழித்தாலும் 30 மட்டும்தான். போன வருஷம் கட்டி முடித்த ஃபிளாட்டுக்கு இது பரிசு. நாற்பது வருஷப் பழைய வீட்டுக்கு இது அபராதம். எங்கள் நோட்டில் செலவு 49 சதவீதம். அம்மாவுக்கு வேறு பெரிய வருமானம் இல்லாததால் வரி வரவில்லை. இதே வீடு என் பேரில் இருந்து, நான் 30 சதவீத அடுக்கில் இருந்தால், 2,40,000 வாடகைக்குச் செஸ்ஸோடு சுமார் 51,000 வரி. கையில் உண்மையில் மிஞ்சும் 1,20,000-த்திலிருந்துதான் அது போகும். பழைய வீட்டை இடித்துவிட்டு ஃபிளாட் கட்டு என்று வரிச் சட்டமே காதில் ஓதுகிற மாதிரி இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் திண்ணை, ரேழி, முற்றம் வைத்த வீடுகள் ஏன் போகின்றன என்று வருத்தப்பட்டு எழுதுகிறவர்கள் இந்த 30-ஐயும் கொஞ்சம் பார்க்கலாம்.

இனி வாடகை ஏற்றும் கணக்கு. 'டு லெட்' படத்தின் மையமே இதுதான்: நன்றாகக் குடியிருப்பவரைக் கிளப்பிவிட்டு அதிகம் தருபவரை வைப்பது. எங்கள் நோட்டுப்படி 10,000 ரூபாய் போர்ஷனில் ஒருவர் காலி செய்தால் சராசரி இரண்டு மாதம் சும்மா கிடக்கும், 20,000. பெயின்ட் 18,000. தரகருக்கு ஒரு மாத வாடகை 10,000. ஆக 48,000. புதியவரிடம் ஆயிரம் ரூபாய் கூட்டி வாங்கினால் வருஷத்துக்கு 12,000. போட்டதை எடுக்க நாலு வருஷம் ஆகும். எங்கள் வீட்டில் ஒரு குடித்தனம் சராசரியாகத் தங்குவது இரண்டரை வருஷம். அதாவது ஆயிரம் ரூபாய்க்காக ஆளைக் கிளப்புகிற ஓனர் தன் கையாலேயே தன் பணத்தைக் காவிரியில் விடுகிறார்.

அப்படியென்றால் படத்தில் வரும் ஓனர் அம்மா முட்டாளா? இல்லை. 2007 சென்னையில் காலியாகக் கிடக்கும் நாட்கள் பூஜ்யம். ஒருவர் சாமான் இறக்கும்போதே இன்னொருவர் அட்வான்ஸோடு நிற்பார். கூடுதலும் ஆயிரம் இல்லை, பாதிக்குப் பாதி. அவர் கணக்கு அவருக்குச் சரி. படம் உண்மையாக இருப்பது அந்த ஊர், அந்த வருஷத்துக்கு. அதைப் பார்த்துவிட்டு "ஓனர்னாலே இப்படித்தான்" என்று பேசுவதில்தான் எனக்குச் சிக்கல். திருச்சியில் ஒரு தெருவில் நாலு 'டு லெட்' பலகை தொங்கும்போதும், சென்னைக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு வாடகை ஏற்றும் ஓனர்கள் உண்டு. படம் பார்த்துக் கோபப்படுகிறவரும் இந்த ஓனரும் ஒரே கணக்கைத்தான் நம்புகிறார்கள் என்பது வேடிக்கை.

ஜாதி, சாப்பாடு பார்த்து வீடு விடுவதையும் இதே நோட்டில் எழுதலாம். ஸ்ரீரங்கத்தில் 'சைவம் மட்டும்' பலகை சர்வ சாதாரணம், அதைவிடக் குறுகலான பலகைகளும் உண்டு. ஒரு மாதம் காலியாக இருந்தால் வருஷ வாடகையில் எட்டு சதவீதம் போச்சு. மேற்படிச் செலவு போக மிஞ்சுவதே பாதி என்றால், மிச்சத்தில் அது கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. 'நம்ம ஆளுக்காக' மூன்று மாதம் காத்திருப்பவர் தன் வருஷ லாபத்தில் பாதியைக் கொடுத்து அந்தப் பலகையை மாட்டியிருக்கிறார். இது அநியாயம் என்பதற்கு எனக்குக் கணக்கு தேவையில்லை. ஆனால் 'எங்க வீடு, எங்க இஷ்டம், எங்களுக்கு என்ன நஷ்டம்' என்பவர்களுக்குத் தொகை தெரியட்டும்.

வெளியே சொல்லாத வரவும் நோட்டுகளில் உண்டு. கரண்ட். நம்மூரில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் போகப் போக விலை ஏறும். ஒரே இணைப்பில் சப் மீட்டர் போட்டு இரண்டு குடித்தனம் ஓடினால் இலவசம் ஒன்றுதான், மேல் அடுக்குக்கும் சீக்கிரம் போய்விடும். இதைக் காரணம் காட்டி யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று ஒரே விலையாக வாங்குவது வழக்கம். மின்வாரியத்துக்குக் கட்டின பில்லையும் குடித்தனக்காரர்களிடம் வாங்கினதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பல வீடுகளில் ஒரு வித்தியாசம் தெரியும். எங்கள் வீட்டில் 2016-ல் தனி மீட்டர் வாங்கினோம். அதற்கு முந்தின பக்கங்களை நான் இங்கே கூட்டிக் காட்டப் போவதில்லை, அப்பா அவற்றைத் தனியாக எழுதவும் இல்லை.

சரி, இவ்வளவு தொல்லைக்கு நடுவில் மாதம் 7,800-க்கு ஏன் ஒருத்தன் வீட்டை வைத்துக்கொண்டிருக்க வேண்டும்? எங்கள் வீட்டுக்குத் தரகர்கள் சொல்லும் விலை 75 லட்சம். இன்றைய வாடகை 2,40,000 என்றால் 3.2 சதவீதம். செலவு போனால் 1.6. அம்மா வயதுக்காரர்களுக்குத் தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 8.2 சதவீதம் தருகிறது, 30 லட்சம் வரை. பெயின்ட் அடிக்க வேண்டாம்.

பதில் எல்லோருக்கும் தெரியும்: மனை விலை. வாடகை ஒரு சாக்கு. நிலம் ஏறும் வரை வீட்டுக்குக் காவல் இருக்கக் குடித்தனக்காரர் நமக்குப் பணம் தருகிறார். சொல்லக் கசப்பாக இருந்தாலும் கணக்கு இதுதான். இங்கேதான் 'டு லெட்' ஓனர் அம்மா மேல் கோபம் கூடும் என்று சொன்னேன். அவருக்கு வாடகையில் பெரிய லாபம் இல்லாமல்கூட இருக்கலாம், ஆனால் அந்த 2007 சென்னையில் அவர் காலடியில் மனை விலை ஏறிக்கொண்டிருந்தது. இளங்கோ குடும்பம் கட்டின வாடகையெல்லாம் அந்த ஏற்றத்துக்கு மேல் வந்த சில்லறை.

பழைய 1960 சட்டம் இந்த விஷயத்தில் விசித்திரமானது. ஓனர்களைக் கட்டிப்போட்ட சட்டம் என்று பெயர் எடுத்தது. காலி செய்ய வைப்பதில் அது உண்மை. ஆனால் 'நியாய வாடகை' என்று அது வைத்திருந்த சூத்திரம், குடியிருப்புக்கு மொத்த மதிப்பில் வருஷத்துக்கு 9 சதவீதம், கடை முதலானவற்றுக்கு 12 சதவீதம். மொத்த மதிப்பில் மனையின் சந்தை விலையும் சேரும். எங்கள் வீட்டுக்குப் போட்டால் மாதம் 56,000 சொச்சம் வரும். இரண்டு போர்ஷனுக்கு ஸ்ரீரங்கத்தில் யார் தருவார்? மனை விலையும் வாடகையும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் உள்ளவை என்று நம்பிய காலத்தின் சட்டம் அது. அந்தச் சம்பந்தம் எப்போதோ அறுந்துவிட்டது.

புதிய சட்டம் அந்தச் சூத்திரத்தையே விட்டுவிட்டது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டதே வாடகை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். எந்த ரிப்பேர் யாருடையது என்று ஒரு அட்டவணை இருக்கிறது: வெள்ளையடிப்பும், குழாய் மாற்றுவதும், வயரிங்கும் ஓனருக்கு; குழாய் வாஷரும், சுவிட்ச் சாக்கெட்டும், உடைந்த கண்ணாடியும் குடித்தனக்காரருக்கு. அப்பாவின் "வாஷர் 20" இந்தச் சட்டப்படி அவர் கொடுத்திருக்க வேண்டியதே இல்லை. எனக்குப் பிடித்த பகுதி இந்த அட்டவணைதான். சண்டை எங்கே வருகிறதோ அங்கே போய் எழுதியிருக்கிறார்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் சட்டம் பாதி வழி போய் நின்றுவிட்டது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் தவிர என்று வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது. நடப்பில், "அடுத்த ஆள் வந்ததும் தரேன்" என்பதுதான் வசனம். ஏன்? பணம் இல்லை. போர்ஷனுக்கு 50,000 வாங்கினது மகன் ஃபீஸாகவோ மேல்தள ஓடாகவோ மாறிவிட்டது. பழையவருக்குத் தர புதியவரின் அட்வான்ஸ் வேண்டும். புதியவர் வரும் வரை பழையவர் தன் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க எங்கேயோ கடன் வாங்குவார். 'டு லெட்' மாதிரியான குடும்பங்கள் வீடு தேடும்போது கழுத்தை நெரிப்பது பெரும்பாலும் மாத வாடகையைவிட இந்த மொத்தத் தொகைதான். அந்தப் பணம் எந்தப் பெட்டியிலும் இல்லை, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது, நடுவில் ஒரு வீடு ரெண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் சங்கிலி அறுந்துவிடும்.

அட்வான்ஸை எல்லோரும் ஓனருக்கு லாபம் என்று நினைக்கிறார்கள். 50,000-ஐ வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் வருஷம் 3,500, மாதம் முந்நூறுகூட இல்லை. செலவழித்துவிட்டால் அது வட்டியில்லாக் கடன், ஆனால் எந்த நாளில் திருப்பிக் கேட்பார்கள் என்று தெரியாத கடன். சின்ன ஓனருக்கு மூன்று மாத உச்சவரம்பு ஒரு பாதுகாப்பு என்பேன். நாங்கள் மூன்று மாதம்தான் வாங்குகிறோம், அதைத் தொடுவதில்லை. தரகர் ஒருவர் "என்ன சார், மார்க்கெட்டைக் கெடுக்கறீங்களே" என்று உண்மையாகவே கோபித்துக்கொண்டார்.

மனை விலைதான் ஓனரின் கடைசி நம்பிக்கை என்றேன். அந்த நம்பிக்கை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க ஸ்ரீரங்கத்தைவிட நல்ல இடம் இல்லை. கோயிலைச் சுற்றியுள்ள பகுதிகளில் அடிமனைச் சர்ச்சை பல வருஷமாக ஓடுகிறது. மேலே இருக்கும் வீடு உங்களுடையது, கீழே இருக்கும் மனை கோயிலுடையது என்பது ஒரு பக்கம். தலைமுறை தலைமுறையாக வாங்கி விற்று வந்தோமே என்பது மறு பக்கம். நடுவில் பத்திரப்பதிவு நின்றது. பதிவு இல்லையென்றால் விற்க முடியாது, வங்கியில் அடமானம் வைத்து ரிப்பேருக்குக் கடன் வாங்கவும் முடியாது. மற்ற ஊர் ஓனர் 1.6 சதவீதத்தைச் சகித்துக்கொள்வது நிலம் ஏறுகிறது என்ற தைரியத்தில். இங்கே நிலம் ஏறினாலும் தாளில்தான். வாடகை ஒன்றுதான் கைக்கு வரும் காசு, மேல்தளமும் அதிலேயே, சொத்துவரியும் அதிலேயே. 2022-ல் மாநிலம் முழுக்கச் சொத்துவரி ஏறியபோது திருச்சி போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீதம், 1,800-க்கு மேல் போனால் 100 சதவீதம் என்று வைத்தார்கள். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகள் நீளமானவை, வாசலில் நின்றால் கொல்லை தெரியாது. சின்ன வருமானம், பெரிய சதுர அடி. 2024-ல் இன்னொரு 6 சதவீதம்.

தமிழ்நாட்டின் மற்ற கோயில் ஊர்களில் அடிமனைக்கு வாடகை கட்டிக்கொண்டு மேலே வீடு கட்டியிருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சந்தை மதிப்பை வைத்து அறநிலையத்துறை வாடகையை ஏற்றும்போது அவர்கள் தெருவுக்கு வந்து போராடுகிறார்கள். அவர்களில் மாடியை வாடகைக்கு விட்டிருப்பவர் ஒரே நேரத்தில் இளங்கோவும்தான், ஓனர் அம்மாவும்தான். எனக்கு இந்தப் படத்தை யாராவது எடுத்தால் தேவலை என்று இருக்கிறது. மேலே பார்த்தால் குடித்தனக்காரர், கீழே பார்த்தால் வீட்டுக்காரர், ஒரே ஆள், ஒரே வீடு. வசனம்கூடப் பெரிதாக எழுத வேண்டாம்.

ஸ்ரீரங்கத்தில் அப்படி வீடு வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் இந்தக் கட்டுரைக்காகப் பேசினேன். அடிமனை விஷயமாக நடந்த கூட்டத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். "மூணு தலைமுறையா இருக்கோம் தம்பி, நம்மளைப் போய் குடித்தனக்காரன்னா எப்படி?" என்று ஒரு மணி நேரம் பேசினார். காகிதமெல்லாம் எடுத்துக் காட்டினார். கிளம்பும்போது மாடிப் போர்ஷன் எவ்வளவுக்கு விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அந்த மாதம்தான் ஆயிரம் ஏற்றியிருந்தாராம். ஏன் என்றேன்.

"எதுத்த வீட்டுல பன்னெண்டு வாங்குறாங்கப்பா."